இரத்தப் படலம்: ‘முதல் எண்’ யார் என்று தெரிந்த பிறகும் கதை தொடர்ந்தது ஏன்?

நெடுவழி எழுதியது:

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த இழையில் எல்லா முடிச்சுகளும் அவிழும். 19 பாகங்களையும் படித்து முடிக்காத நண்பர்கள் இப்போதே விலகிக்கொள்வது நல்லது.

ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைய, 1984இல் பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ வார இதழில் தொடங்கி, 2007இல் முதல் சுற்றை நிறைவு செய்த படக்கதைத் தொடர் இது. தமிழில் லயன் காமிக்ஸ் வழியாக ‘இரத்தப் படலம்’ என்று நம் கைக்கு வந்தது. 2010இல் வெளியான கறுப்பு வெள்ளைப் பெருந்தொகுப்பையும் அதன் பின் வந்த வண்ணத் தொகுப்பையும் சேர்த்தே வைத்திருப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அண்மையில் எல்லாப் பாகங்களையும் வரிசை குலையாமல் மீண்டும் படித்ததில் எழுந்த ஐயத்தை உங்கள் முன் வைக்கிறேன்.

தலையில் குண்டடிபட்டுக் கரையொதுங்கிய ஒருவனுக்குத் தன் பெயர்கூட நினைவில்லை. காறையெலும்பின் அருகே ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அடைக்கலம் கொடுத்த ஏப், சாலி என்ற முதிய தம்பதி அவனைத் தேடி வந்த கொலையாளிகளால் கொல்லப்படுகிறார்கள். தான் யார் என்று தேடிப் புறப்படுகிறவன், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஷெரிடனைச் சுட்டுக் கொன்றவன் என்ற பழியோடு நாடெங்கும் தேடப்படுகிறான். அவனுக்குப் பின்னால் இருபது பேர் கொண்ட ஒரு சதிக்குழு இயங்குகிறது. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முதல் எண் யார் என்பதே எட்டுப் பாகங்களாக நம்மை இழுத்துச் செல்லும் கேள்வி.

ஐந்தாம் பாகத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முறியடிக்கப்படுகிறது. எட்டாம் பாகத்தில் முதல் எண் யார் என்பதும் வெளிப்படுகிறது. கொலையுண்ட தலைவரின் உடன்பிறந்த தம்பி, அந்த மரணத்தின் அனுதாபத்திலேயே அதே நாற்காலியில் அமர்ந்த வாலி ஷெரிடன்! இதற்கு மேல் ஒரு மர்மத் தொடரில் சொல்ல என்ன இருக்கிறது? ஆயினும் கதை மேலும் பதினொரு பாகங்கள் நீள்கிறது. கோஸ்டா வெர்டே என்ற கற்பனை நாட்டின் புரட்சி, மூன்று வெள்ளிக் கடிகாரங்கள், மாக்சிமிலியனின் தங்கம் என்று அது போன திசையெல்லாம் எனக்கு விற்பனை நீட்டிப்பாகவே தோன்றுகிறது. சதியை எதிர்த்து ஓடும் ஒரு தலைமறைவு உளவாளியின் கதையில், சதிகாரன் முகம் தெரிந்த பிறகு ஓட்டத்துக்கு என்ன பொருள் என்பதே என் கேள்வி.


கீழ்க்கட்டம் எழுதியது:

நண்பரே, சதி என்பது இத்தொடரின் சட்டகம் மட்டும்தான் என்று கருதுகிறேன். அதற்குள் ஓடும் கதை வேறு. அதைப் பெயர்களை வைத்தே காட்டலாம்.

ஏப்பும் சாலியும் அவனுக்கு ஆலன் என்று பெயரிடுகிறார்கள். அங்கிருந்து வெளியேறியதும் அவன் ஜேக் ஷெல்டன் ஆகிறான். அந்தப் பெயரோடு கணக்கில் வராத பணம் வருகிறது. அடுத்து ஸ்டீவ் ரோலண்ட். அந்தப் பெயரோடு ஒரு தலைவரின் கொலைப்பழியும் ஆயுள் தண்டனையும் வருகின்றன. பிறகு ராஸ் டேனர், ஜேசன் ஃபிளை, ஜேசன் மக்லேன், எல் காஸ்கடோர். ஒவ்வொரு பெயரையும் அவன் தன்னுடையது என்று நம்பத் தொடங்கும் நேரத்தில், அதன் அடியில் ஒரு பிணம் கிடக்கிறது. தான் நல்லவனாக இருந்தேனா என்று தெரிந்துகொள்ளத்தான் அவன் ஓடுகிறான். சதிகாரன் யார் என்பது அந்த வழியில் கிடைக்கும் விடைகளுள் ஒன்றே.

வான் ஹாமின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறதென்றால், முகத்தைச் சாட்சியாக நிறுத்தி, அந்தச் சாட்சியையே அவர் கவிழ்த்த விதத்தில் இருக்கிறது. முதல் பாகத்தில் அவனைத் துரத்தும் அதிகாரியான கர்னல் அமோஸ் ஒரு திரைப்படச் சுருளை ஓட்டிக் காட்டுகிறார். கொலை நடந்த இடத்தில் இருக்கும் முகம் நம் நாயகனின் முகமேதான். அவனும் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம், மறுக்க வழியில்லை. அந்த முகமே அறுவை சிகிச்சையால் ஒட்டவைக்கப்பட்டது என்றும், இறந்துபோன ரோலண்டின் இடத்தில் ஓர் உளவாளியாகச் சதிக்குழுவுக்குள் நுழைவதற்காக அவன் அதை ஏற்றான் என்றும் பின்னர் தெரியவருகிறது. அதாவது, கண்ணால் கண்டது உண்மை. கண்டு எடுத்த முடிவு பொய். முதல் எண்ணின் முகம் தெரிந்துவிட்டதால் கதை முடிந்தது என்று நீங்கள் சொல்வதை, முகத்தை நம்பாதே என்று முதல் பாகத்திலேயே சொல்லிவிட்ட ஒரு கதையிடம் எப்படிப் பொருத்துவது?


மசிக்கோடு எழுதியது:

கதையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளுங்கள். நான் ஓவியத்தின் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் நெடுவழி கேட்ட கேள்விக்கு ஓவியத்திலும் ஒரு பதில் இருக்கிறது.

ஆறாம், ஏழாம் பாகங்களில் வரும் கிரீன்ஃபால்ஸ் மலை நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய அந்த ஊரில்தான் ஜேசனின் தந்தை, செய்தியாளர் ஜோனதன் ஃபிளை, ஓர் ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவில் கு கிளக்ஸ் கிளான் முகமூடிக்காரர்களால் கொல்லப்பட்டார். வான்ஸ் அந்தப் பனியை வரையவே இல்லை. காகிதத்தை வெறுமனே விட்டுவிடுகிறார். மரங்களின் அடிப்பகுதி, கூரை விளிம்பு, ஒருவன் கோட்டின் மடிப்பு ஆகியவற்றை மட்டும் நுண்ணிய கோடுகளால் அடைத்து, மீதமுள்ள வெள்ளையைக் குளிராக மாற்றிவிடுகிறார். வண்ணப் பதிப்பில் அந்த வெள்ளையின் மேல் இளநீலம் ஏறிவிடுவதால் காட்சி அழகாகிறது. ஆனால் அச்சம் குறைகிறது. கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் பதிப்பில் படித்தவர்களுக்குத்தான் அந்த ஊர் சரியாக உறைத்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். வண்ணம் பூசியவர் வான்ஸின் மனைவி பெட்ரா. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கோஸ்டா வெர்டேயின் வெயிலுக்கு அவருடைய மஞ்சளும் காவியும் வேண்டும். கோடு மட்டும் அங்கே போதாது.

இன்னொன்றும் கவனியுங்கள். வான்ஸ் முகங்களை மிகக் குறைவான உணர்ச்சியோடு வரைபவர். வாய் திறந்து அலறும் முகம் அவரிடம் அரிது. துப்பாக்கி, விமானம், இராணுவ வண்டி ஆகியவற்றை ஓர் ஆணி விடாமல் வரைபவர், மனித முகத்தை மட்டும் ஏறக்குறைய மூடியே வைக்கிறார். வேறு தொடரில் இது குறையாகப்படலாம். தன் முகமே தனக்குச் சொந்தமில்லாதவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஓவியர் கிடைத்திருக்க மாட்டார்.


பழைய அலமாரி எழுதியது:

இந்தக் கதை எந்த மண்ணில் முளைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நெடுவழியின் கேள்விக்கு இன்னொரு கோணம் கிடைக்கும். எழுதியவரும் வரைந்தவரும் பெல்ஜியக்காரர்கள். கதை முழுக்க அமெரிக்காவைப் பற்றியது. வெளியே நின்று பார்ப்பவருக்கே தெரியக்கூடிய அமெரிக்கா அது.

1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் கென்னடி சுடப்பட்டார். அங்கே நின்று படமெடுத்த ஜாப்ரூடரின், அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் எட்டு மில்லிமீட்டர் படச்சுருளை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. கொன்றவன் ஒருவனே என்று 1964இல் வாரன் ஆணையம் சொன்னது. 1974இல் வாட்டர்கேட் விவகாரத்தால் நிக்சன் பதவி விலகினார். 1975இல் செனட்டர் சர்ச் தலைமையிலான குழு உளவுத்துறைகளின் அத்துமீறல்களை வெளியே கொண்டுவந்தது. கென்னடி கொலையில் சதி இருந்திருக்க வாய்ப்புண்டு என்று 1979இல் பிரதிநிதிகள் சபைக் குழுவே அறிக்கை தந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து இத்தொடர் தொடங்குகிறது. அமோஸ் ஓட்டிக் காட்டும் படச்சுருள் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வான் ஹாம் வரலாற்றை அப்படியே நகலெடுக்கவில்லை. உண்மையில் கென்னடியின் தம்பி ராபர்ட் 1968இல் தாமும் சுடப்பட்டு இறந்தார். துயரத்தின் வாரிசாகவே மக்கள் மனத்தில் நிலைத்தார். வான் ஹாம் அந்தத் துயர வாரிசையே முதல் எண்ணாக ஆக்கிவிட்டார். வாசகர் எந்த முகத்தின் மேல் இரக்கம் வைத்திருப்பாரோ, அந்த முகத்துக்குப் பின்னால் கத்தியை ஒளித்து வைத்தார். எட்டாம் பாகத்தின் அதிர்ச்சி இன்றும் தணியாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வான் ஹாம் வணிகப் பொறியியல் படித்தவர். முழுநேர எழுத்தாளராக ஆவதற்கு முன் 1976 வரை பெருநிறுவனத்தில் பணியாற்றியவர். சதிக்குழுவுக்கு வெறி பிடித்த தலைவன் ஒருவனை வைக்காமல், இருபது எண்கள், படிநிலை, வங்கி, இராணுவம், செனட் என்று ஒரு நிர்வாகக் குழுவைப் போல அமைத்திருப்பதில் அந்த அனுபவம் தெரிகிறது.


நெடுவழி எழுதியது:

மூவரும் சொன்னவற்றை மதிக்கிறேன். இருந்தாலும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கீழ்க்கட்டம் சொல்லும் ‘நான் யார்’ என்ற கேள்வி வான் ஹாமின் சொந்தச் சரக்கு அன்று. ராபர்ட் லுட்லம் 1980இல் எழுதிய ஜேசன் போர்ன் நாவலில், குண்டடிபட்ட ஒருவன் மத்தியதரைக் கடலிலிருந்து மீட்கப்படுகிறான், நினைவிழக்கிறான், குடிப்பழக்கமுள்ள மருத்துவர் ஒருவர் அவனைக் காப்பாற்றுகிறார், ஒரு வங்கிக் கணக்கு அவனைக் கடந்த காலத்துக்கு இழுத்துச் செல்கிறது. இங்கும் குண்டை அகற்றும் மார்த்தா குடிப்பழக்கமுள்ள மருத்துவர்தான், இங்கும் வங்கிதான். தொடக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டதைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் லுட்லம் அந்தக் கேள்விக்கு ஒரே நாவலில் விடை சொல்லி முடித்தார். போர்ன் கொலைகாரன் அல்லன், பயங்கரவாதி ஒருவனைப் பிடிக்க வைத்த தூண்டில் என்று தெரிந்ததும் நம் மனம் ஆறிவிடுகிறது. வான் ஹாமோ ஒவ்வொரு விடைக்கும் அடியில் இன்னொரு கதவைத் திறந்துகொண்டே போகிறார். வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தால் கண்ணீர்தான் மிஞ்சும். ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள பாகங்களில் வாஷிங்டனே ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அங்கே நடப்பது வேறொரு தொடர். அதை மட்டுமாவது ஒப்புக்கொள்வீர்களா?


தென்கரை எழுதியது:

கோஸ்டா வெர்டே வேறொரு தொடர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாகங்களைக் கழித்துவிட்டால் ஜோன்ஸ் பாதியாகிவிடுவார். ஜெனரல் காரிங்டனின் உதவியாளராக அறிமுகமாகி, லெப்டினன்ட் நிலையிலிருந்து மேஜர் வரை உயரும் இந்தக் கறுப்பினப் பெண் அதிகாரி, எண்பதுகளின் சாகசக் கதைகளில் நாயகன் வந்து மீட்கக் காத்திருந்த பெண்களிலிருந்து முற்றிலும் மாறுபட்டவர். நாயகனுக்குக் கடந்த காலம் இல்லை. ஜோன்ஸுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் எந்தப் பெயரில் வந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒரே ஆள் அவர்தான். 2010இல் அவருக்கென்றே வந்த கிளைக்கதைப் பாகம் வேறொருவர் எழுத, வேறொருவர் வரைந்தது. அது என்னை அவ்வளவாகக் கவரவில்லை. கேள்விகளே கேட்காமல் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் ஜோன்ஸே போதும்.

அமோஸைப் பற்றியும் ஒரு வரி. ஓடுகிறவனைத் துரத்தும் அதிகாரி, ஆதாரம் மாறினால் தன் கருத்தையும் மாற்றிக்கொள்ளும் நேர்மையாளராக இருப்பது இவ்வகைக் கதைகளில் அரிது. முதல் பாகத்தில் மிகப் பெரிய எதிரி அவரே. சில பாகங்களுக்குள் மிக நம்பகமான துணையும் அவரே. அந்த மாற்றம் எங்குமே வலிந்து செய்யப்பட்டதாகத் தெரியவில்லை.


கீழ்க்கட்டம் எழுதியது:

நெடுவழி கேட்டதற்கு நேராக வருகிறேன். ஒன்பது முதல் பதினொன்று வரை தொய்வு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பன்னிரண்டாம் பாகமான விசாரணையை மறந்துவிட்டு எட்டோடு கதை முடிந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எட்டாம் பாகத்தின் முடிவில் என்ன நிலை என்று நினைத்துப் பாருங்கள். முதல் எண் யார் என்று நமக்குத் தெரியும், நாயகனுக்கும் தெரியும். நாட்டுக்குத் தெரியாது. சதிகாரன் வெள்ளை மாளிகையிலேயே அமர்ந்திருக்கிறான். தேர்தலில் முறையாக வென்று அமர்ந்திருக்கிறான். ஒரு துப்பறியும் கதையில் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதே முடிவு. அரசியல் சதிக் கதையில் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கண்டுபிடித்தவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? எந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தாலும், அது இறுதியில் போய்ச் சேரும் மேசை குற்றவாளியின் மேசையே அல்லவா?

இதற்கு வான் ஹாம் தரும் விடை, பன்னிரண்டாம் பாகத்தில் ஜெனரல் காரிங்டன் செய்யும் காரியம். அரசமைப்புச் சட்டத்தைக் காக்க உறுதிமொழி எடுத்த ஓர் இராணுவத் தளபதி, பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரையே கடத்தித் தொலைக்காட்சி வழியாக நாட்டு மக்கள் முன்னால் குற்றவாளியாக நிறுத்துகிறார். ஐந்தாம் பாகத்தில் சதிக்குழு செய்ய முயன்றதும் ஆட்சியைப் பலத்தால் கைப்பற்றுவதுதானே! அதைத் தடுத்தவர்களே ஏழு பாகங்கள் கழித்து ஏறக்குறைய அதே செயலைச் செய்கிறார்கள். இந்த இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், யார் சட்டத்தின் பக்கம் நிற்கிறார்கள் என்பதே கலங்கிவிடுகிறது. நான் காரிங்டனின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் அவர் செய்தது குற்றம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சங்கடம் நமக்குக் கிடைத்திருக்காது.


புதுவரவு எழுதியது:

ஐயா, எச்சரிக்கையையும் மீறிப் படித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இத்தொடரை அறிந்தது 2003இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட கணினி விளையாட்டின் வழியாகத்தான். படக்கதைக் கட்டங்களும் எழுத்தொலிகளும் திரையிலேயே தோன்றும் அந்த விளையாட்டும், வால் கில்மர் கூலிக் கொலையாளி மங்கூஸாக நடித்த 2008ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக் கதையும் மட்டுமே எனக்குத் தெரியும். நூலாகப் படிக்க எங்கிருந்து தொடங்குவது, எங்கே நிறுத்துவது?


மசிக்கோடு எழுதியது:

தொலைக்காட்சிக் கதையை மறந்துவிட்டுத் தொடங்குங்கள், தம்பி. கதையின் எலும்புகள் அதில் இருக்கின்றன, வான்ஸ் இல்லை.

நெடுவழி சொல்லும் ‘விற்பனை நீட்டிப்பு’ என்ற குற்றச்சாட்டுக்கு 18ஆம் பாகத்தை என் தரப்பு ஆவணமாக வைக்கிறேன். 2007 நவம்பரில் 18, 19 ஆகிய இரண்டு பாகங்களும் ஒன்றாக வெளிவந்தன. 19ஐ வான்ஸ் வரைந்தார். 18ஐ வரைந்தவர் மோபியஸ் என்று உலகம் அறிந்த ழான் ஜிரோ. நாயகனின் ஐரிஷ் கடந்த காலத்தை, கெல்லி பிரையன் என்ற பெயரின் பின்னணியை விரிக்கும் பாகம் அது. நினைவின் பகுதியை வேறொரு கைக்குக் கொடுத்தது எவ்வளவு சரியான முடிவு என்று பாருங்கள். 17 பாகங்களாக ஒரே கோட்டில் பழகிய முகம், கடந்த காலத்துக்குள் போனதும் வேறு கோட்டில் தெரிகிறது. ஜிரோவின் கோடு இளகியது, நிழல் குறைவு, மனிதர்கள் தோள் தளர்ந்து நிற்கிறார்கள். இதே ஆள்தானா என்று ஒரு கணம் வாசகர் தடுமாறுகிறார். நாயகன் 17 பாகங்களாகப் பட்ட தடுமாற்றமும் அதுவே. பணத்துக்காக நீட்டியவர்கள் இப்படி ஒரு காரியத்தைச் செய்யத் தேவையே இல்லை.

வான்ஸ் பார்க்கின்சன் நோயால் தூரிகையை வைத்துவிட்டு, 2018 மே மாதத்தில் மறைந்தார். யீவ் சென்ட் எழுத, யூரி ஜிகூனோவ் வரைய, 2011 முதல் வந்த இரண்டாம் சுற்றை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜிகூனோவ் திறமையானவர்; வான்ஸைப் போலவே வரைய அவர் எடுக்கும் முயற்சிதான் எனக்கு இடறுகிறது.


நெடுவழி எழுதியது:

18ஆம் பாகத்தைப் பற்றிச் சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. காரிங்டனைப் பற்றிக் கீழ்க்கட்டம் எழுப்பிய கேள்வியும் வலுவானது. 5ஐயும் 12ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. ஆனால் தங்க வேட்டைக்கு இதுவரை யாரும் நற்சான்று தரவில்லை என்பதையும் அவையோர் குறித்துக்கொள்ளவும்.

புதுவரவு நண்பருக்கு: 1 முதல் 8 வரை நிறுத்தாமல் படியுங்கள். 9, 10, 11 ஆகியவற்றை வேகமாகக் கடந்து 12க்கு வாருங்கள். 1999இல் வந்த 13ஆம் பாகம் கதையே அன்று. இரு செய்தியாளர்கள் தயாரித்த புலனாய்வுக் கோப்பின் வடிவில், எழுத்தும் படமுமாக அதுவரையிலான நிகழ்ச்சிகளைத் தொகுத்துத் தருவது. பலரும் அதைத் தாண்டிவிடுகிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று தலை சுற்றும்போது கையில் வைத்துக்கொள்ள அதைவிட உதவியானது வேறில்லை. 14 முதல் 17 வரை உங்கள் பொறுமைக்கு விடுகிறேன். 18ஐயும் 19ஐயும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள்.


கீழ்க்கட்டம் எழுதியது:

ஒரே ஒரு திருத்தம். 11ஐ வேகமாகக் கடக்க வேண்டாம், புதுவரவு. ஷான் மல்வே பேசும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். பெற்றவர் யார், வளர்த்தவர் யார் என்பது அங்கேதான் தெளிவாகிறது. அது புரியாமல் 18ஐத் திறந்தால் பாதிப் பெயர்கள் கையில் நிற்காது. 13ஆம் பாகத்தை மட்டும் 12க்கு முன்னால் தொட்டுவிடாதீர்கள்; விசாரணையின் முடிவு அதில் இருக்கிறது.